விடுபட்ட உடல்

ஒரு புள்ளி வைத்தால் போதும்.
லோரியின் சக்கரம், விளக்கு, பக்கக் கண்ணாடி,
பின்கதவில் தெய்வீகன் எழுதிவைத்த 'முருகன் துணை'
எதுவும் வேண்டாம்.
புள்ளி. அதன்மேல் படுகிற விசைகளுக்கு மட்டும் அம்பு.
அது மற்றவர்மேல் செலுத்துவதை வரைந்தால்
மதிப்பெண் போய்விடும்.

முப்பத்துநான்கு வயதில் இரண்டாம் முறை எஸ்பிஎம்.
பகாவ் செம்பனை ஆலையின் வாசலறையில்
நிறுவைச் சீட்டுகளின் முதுகில் படிக்கிறேன்.
தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு
என் தமிழில் அறிவியல் நின்றுபோனது.
அப்புறம் எல்லாம் டாயா, ஜிசிம், கெசெரான்.
இந்தப் படத்துக்குப் பெயர் ஜசாட் பெபாஸ்.
விடுபட்ட உடல் என்று நானே எழுதிக்கொண்டேன்.
எதிலிருந்து என்று புத்தகத்தில் இல்லை.

ஏழு வருடமாக எடை பார்ப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.
இல்லையாம்.
மேடைக்கு எடை தெரியாது.
தான் எவ்வளவு திருப்பித் தள்ளவேண்டியிருக்கிறதோ
அதைத்தான் சிவப்பு எண்ணில் சொல்கிறது.
கீழே ஓர் அம்பு, மேலே ஓர் அம்பு, ஒரே நீளம்.
சும்மா நிற்பதற்குள் இத்தனை நெருக்கடி.

செவ்வாய்க்கிழமைகளில் தெய்வீகன் வருவான்.
குலைகளோடு லோரி ஏறும்: 9480.
சீட்டு அடிப்பேன்.
அப்போதுதான் விக்னேஸ்வரி குதித்து இறங்குவாள்,
கழிப்பறைக்குப் போகிறவள் மாதிரி.
எண் ஒரு கணம் துடிக்கும்.
பிறகு 9420.
வெறும் லோரி திரும்பி மேடையேறும்போது
அவள் கேட்டுக்கு வெளியே
பிளாஸ்டிக் பையில் மைலோ உறிஞ்சிக்கொண்டிருப்பாள்.
அறுபது கிலோ மனுஷி
கணக்கில் பழமாகிவிட்டாள்.
அந்த விலைக்கு ஐம்பத்தொரு வெள்ளி.
ஆலைக்குத் தூசு.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
அதையும் ஒருநாள் வரைந்து பார்த்தேன்.
புள்ளி நான்.
மேலிருந்து என்சிக் ரொஸ்லான். கீழிருந்து நாற்காலி.
ஒரு பக்கம், தெய்வீகனின் தம்பிக்கும்
என் தங்கைக்கும் பேசிவைத்திருக்கும் கல்யாணம்.
மறுபக்கம் ஏதோ ஒன்று, பெயர் தெரியவில்லை,
கெசெரான் என்றே போட்டேன்.
நகரப் பார்த்தால்தான் அதுவும் பிறக்கும்.
கூட்டினால் சுழியம்.

ஏழு செவ்வாய் அறுபது.
எட்டாவதில் எழுபது.
ஒன்பதாவதிலும்.
இந்த எந்திரம் பத்துப் பத்தாகத்தான் பேசும்.
இடையில் நடப்பது அதற்கு நடக்காதது.
எட்டிப் பார்த்தேன்.
ஒரு கை கதவில், ஒரு கை இடுப்பில்,
படியைக் காலால் தேடித் தேடி
இறங்கிக்கொண்டிருந்தாள்.
எண் துடிக்கவில்லை.

பத்தாவது செவ்வாய் நல்ல மழை.
லோரி மேடையேறும் முன்னே போய்க்
கதவைத் தட்டினேன்.
"எறங்கு. உள்ள வந்து உக்காரு."
தெய்வீகன் வாயெடுத்தான்.
"நீ ஏத்து லோரிய" என்றேன்.

அறையில் இருப்பது ஒரே நாற்காலி.
அவள் உட்கார்ந்ததும் அது கிறீச்சிட்டது.
அவளை இழுக்கும் அம்பு ஒன்று,
நாற்காலி தாங்கும் அம்பு ஒன்று.
உள்ளே இருப்பதற்குத் தனிப்புள்ளி வைக்கலாமா?
யோசித்தேன். வைக்கவில்லை.
அது இன்னும் விடுபடாத உடல்.

நின்றபடியே சீட்டு அடித்தேன்.
9310. லோரியும் குலையும் மட்டும்.

நாற்காலி ஏன் ஈரம் என்று ரொஸ்லான் கேட்டார்.
மழை என்றேன்.
தெய்வீகன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.
தை மாதம் என்றிருந்த தங்கையின் கல்யாணம்
'பார்க்கலாம்' ஆகியிருக்கிறது.

ஏழாம் கேள்வி, ஆ பிரிவு:
பொருள் ஓய்வில் உள்ளது.
அதன்மேல் செயல்படும் எல்லா விசைகளையும் குறிக்க.

எல்லாவற்றையுமா?
விட்டிருக்கும் இடம்
நான்கு விரற்கடை.